தமிழ்நாட்டில் பறவை வளையமிடல்

பறவை வளையமிடல் என்பது காட்டுப் பறவை ஒன்றை உயிருடன் பிடித்து, எண் பொறித்த இலேசான உலோக வளையத்தை அதன் காலில் பூட்டி, அதன் அளவுகளைக் குறித்துக்கொண்டு, மீண்டும் பறக்கவிடும் ஆய்வு முறையாகும். வளையமிடப்பட்ட பறவை வேறோர் இடத்தில் பிடிபட்டாலோ, இறந்து கிடந்தாலோ, தொலைநோக்கி வழியே படிக்கப்பட்டாலோ, அப்பறவை எங்கிருந்து எங்கே சென்றது என்பதும் எத்தனை ஆண்டுகள் வாழ்ந்தது என்பதும் தெரியவருகின்றன. தமிழ்நாட்டில் இப்பணிக்குப் பெயர்பெற்ற இடம் நாகப்பட்டினம் மாவட்டத்திலுள்ள கோடியக்கரை ஆகும். மும்பை இயற்கை வரலாற்றுக் கழகம் இங்கு நெடுங்காலமாக வளையமிட்டு வருகிறது. தமிழகத்தின் தென்கோடியான கன்னியாகுமரி மாவட்டத்தின் குளங்களும் கழிமுகங்களும் இதே வலசைப் பறவைகள் வந்து தங்கும் இடங்களாகும். வளையமிடப்பட்ட பறவைகளைக் கண்டறிந்து தெரிவிப்பதில் அங்குள்ள பறவை ஆர்வலர்களுக்கும் உழவர்களுக்கும் மீனவர்களுக்கும் பங்குண்டு.

இக்கட்டுரை வலசைக் காலத்தில் வளையமிடுவோரின் அன்றாடப் பணியையும், அப்பணி எதற்காகச் செய்யப்படுகிறது என்பதையும், நாஞ்சில் நாட்டிற்கும் அதற்கும் உள்ள தொடர்பையும் விளக்குகிறது.

வரலாறு

அறிவியல் நோக்கில் பறவைகளுக்கு முறையாக வளையமிட்டவர் டென்மார்க்கைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர் ஆன்சு கிறித்தியன் மார்ட்டென்சன் ஆவார். அவர் 1899ஆம் ஆண்டில் விபோர்க் நகரில் 165 மைனா இனப் பறவைகளின் கால்களில் எண்ணும் முகவரியும் பொறித்த அலுமினிய வளையங்களைப் பூட்டினார். ஒவ்வொரு பறவைக்கும் தனி எண், அந்த எண்ணை அனுப்ப வேண்டிய முகவரி ஆகிய இரண்டும் சேர்ந்ததே இம்முறையின் அடிப்படை. இன்றும் அதில் மாற்றமில்லை.

இந்தியாவில் 1920களின் பிற்பகுதியில், தார் சமத்தானத்து மன்னரின் முயற்சியாலும் 1883ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆதரவாலும் வளையமிடல் தொடங்கியது. தொடக்கத்தில் பெரும்பாலும் வாத்துகளுக்கே வளையமிடப்பட்டது. வேட்டையாடுவோர் அவற்றைச் சுட்டு வீழ்த்துவதால் வளையங்கள் திரும்பக் கிடைக்கும் வாய்ப்பு மிகுதி என்பதே அதற்குக் காரணம்.

இப்பணி பெரிய அளவில் விரிவடைந்ததற்கு நோய் பற்றிய அச்சமே காரணமாயிற்று. 1957ஆம் ஆண்டில் கருநாடகத்தின் சிமோகா பகுதியில் கியாசனூர்க் காட்டுக் காய்ச்சல் கண்டறியப்பட்டது. குரங்குகளையும் மனிதர்களையும் கொன்ற இந்நோயின் தீநுண்மி, உருசியாவில் காணப்பட்ட ஒரு மூளைக்காய்ச்சல் தீநுண்மிக்கு உறவுடையது எனத் தெரிந்தது. வலசைப் பறவைகளின் உடலில் ஒட்டிவரும் உண்ணிகள் அதனைக் கொண்டுவந்திருக்கக்கூடுமோ என்ற ஐயம் எழுந்தது. இதனை ஆராயும் பொருட்டு, உலக நலவாழ்வு நிறுவனத்தின் உதவியுடன் 1959ஆம் ஆண்டில் சலீம் அலி தலைமையில் வலசை ஆய்வுத் திட்டம் தொடங்கப்பட்டது. பின்னர் 1963 முதல் 1971 வரை எலியட் மக்கிளூர் என்னும் அமெரிக்க ஆய்வாளரின் தலைமையில் ஆசிய நாடுகள் பலவற்றில் 10 இலட்சத்திற்கும் மேற்பட்ட பறவைகளுக்கு வளையமிடப்பட்டது. நோயின் வழியைத் தேடித் தொடங்கிய இப்பணி, ஆசியப் பறவைகளின் வலசைப் பாதைகளைப் பற்றிய அடிப்படை அறிவைத் தந்தது.

கோடியக்கரை

கோடியக்கரை, வங்காள விரிகுடாவும் பாக்கு நீரிணையும் சந்திக்கும் மூலையில் அமைந்துள்ளது. கடற்கரையை ஒட்டித் தெற்கே வரும் பறவைகளுக்கு இது ஒரு திருப்பம். இங்கிருந்து சில கடற்கரை வழியே மேலும் தெற்கே செல்கின்றன; சில கடலைக் கடந்து இலங்கைக்குச் செல்கின்றன. ஒருபுறம் வறண்ட பசுமைமாறாக் காடு, மறுபுறம் வேதாரணியத்தின் பெருஞ்சதுப்பு நிலமும் உப்பளங்களும் என இருவகை வாழிடங்களும் அருகருகே இருப்பதால், காட்டுப் பறவைகளையும் கரைப் பறவைகளையும் ஒரே முகாமிலிருந்து ஆராய முடிகிறது.

இவ்விடம் 1967ஆம் ஆண்டில் காட்டுயிர் உய்விடமாக அறிவிக்கப்பட்டது. 2002ஆம் ஆண்டில் இராம்சர் ஈரநிலங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 1980களில் இங்கு ஆண்டு முழுவதும் வளையமிடும் பணி நடைபெற்றது. 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் கரையைக் கடந்த கசா புயல் இக்காட்டின் மரங்களுக்குப் பெருஞ்சேதம் விளைவித்தது.

வலசைக் காலம்

வட நாடுகளில் இக்காலம் இலையுதிர் கால வலசை எனப்படுகிறது. தமிழ்நாட்டில் இலையுதிர் காலம் என்று தனியாக ஒன்று இல்லை. இங்கு இது ஆவணியில் தொடங்கி, ஐப்பசி, கார்த்திகை மழையுடன் நிறைவடையும் காலமாகும். சைபீரியாவின் வடபகுதியில் கோடைக்காலம் மிகக் குறுகியது என்பதால், அங்கு இனப்பெருக்கம் செய்யும் உள்ளான்கள் சூலை மாதத்திலேயே தெற்கு நோக்கிக் கிளம்பிவிடுகின்றன. ஆகத்து மாதத்தில் தமிழகக் கடற்கரையில் அவற்றின் முதற்கூட்டங்களைக் காணலாம்.

இவற்றில் முதலில் வருபவை முதிர்ந்த பறவைகள். அவ்வாண்டில் பிறந்த இளம் பறவைகள் பல வாரங்கள் கழித்தே வந்து சேர்கின்றன. பெரும்பாலான உள்ளான் இனங்களில், பெற்றோர் முன்னரே கிளம்பிவிட, குஞ்சுகள் யாரும் வழிகாட்டாமலேயே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வருகின்றன. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் காட்டுப் பறவைகளின் வரவு தொடங்குகிறது. தகைவிலான், பழுப்புக் கீச்சான், ஆறுமணிக்குருவி ஆகியன அவற்றுட் சில. இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் இனப்பெருக்கம் செய்யும் ஆறுமணிக்குருவி இரவில் பறந்து வருவதாகும். வந்து சேர்ந்த நாளில் களைத்துப்போய் வீட்டு முற்றங்களிலும் அறைகளிலும் விழுந்து கிடப்பதை ஊர் மக்கள் கண்டிருக்கலாம்.

முகாமில் ஒரு நாள்

விடியற்காலை

காட்டுப் பறவைகளுக்கான பணி விடிவதற்கு முன்னரே தொடங்குகிறது. பனிவலை எனப்படும் மெல்லிய கறுப்பு வலைகள் முந்தைய நாளே புதர்களுக்கிடையே கம்புகளில் கட்டப்பட்டுச் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். இருள் பிரியும் நேரத்தில் அவை விரிக்கப்படுகின்றன. சப்பானியரின் மரபுவழிப் பட்டு வலையிலிருந்து உருவான இவ்வலை இன்று செயற்கை இழையால் செய்யப்படுகிறது. வலையின் குறுக்கே பைபோன்ற மடிப்புகள் பல இருக்கும். வலையில் மோதும் பறவை அம்மடிப்பினுள் விழுந்து கிடக்கும்.

வலைகளைச் சுற்றிப் பார்த்து வருவது தன்னார்வலர்களின் முதன்மையான வேலையாகும். அரை மணி நேரத்திற்கு ஒருமுறையேனும் ஒவ்வொரு வலையும் பார்க்கப்பட வேண்டும். வெயில் ஏறினாலும், காற்று மிகுந்தாலும், மழைத்துளி விழுந்தாலும் இடைவெளி குறைக்கப்படும். அல்லது வலை மூடப்படும். நனைந்த பறவை விரைவில் உடற்சூட்டை இழந்து இறக்கக்கூடும். பாம்பு, கீரி, காகம் ஆகியவை வலையில் சிக்கிய பறவையைத் தின்றுவிடுவதும் உண்டு. எனவே வலையைப் பார்க்க ஆளில்லாத நேரத்தில் அதனை விரித்து வைத்தல் கூடாது என்பது எங்கும் கடைப்பிடிக்கப்படும் விதியாகும்.

வலையிலிருந்து எடுத்தல்

பறவையை வலையிலிருந்து எடுப்பதே இப்பணியில் கற்பதற்கு மிகவும் கடினமானது. பறவை எந்தப் பக்கத்திலிருந்து வலையில் புகுந்தது என்பதை முதலில் அறிய வேண்டும். அதே பக்கத்திலிருந்தே அதனை வெளியே எடுக்க வேண்டும். பெரும்பாலும் முதலில் கால்கள், பிறகு சிறகுகள், இறுதியில் தலை என்ற வரிசையில் இழைகள் நீக்கப்படுகின்றன. பறவையின் கழுத்து ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே அமைய, முதுகு உள்ளங்கையில் படியும்படி பிடிப்பது வளையமிடுவோர் பிடி எனப்படும். பறவை நெஞ்சை விரித்தே மூச்சு விடுகிறது. எனவே நெஞ்சை அழுத்திப் பிடித்தால் மூச்சுத் திணறி இறந்துவிடும். புதிதாக வருவோருக்கு முதலில் சொல்லித் தரப்படுவது இதுவே.

சிக்கல் அவிழாவிட்டால் வலையின் இழையை வெட்ட வேண்டும், பறவையை இழுக்கக்கூடாது. வலை விலை கூடியதே ஆயினும் இதில் விதிவிலக்கு இல்லை.

அளத்தலும் வளையமிடலும்

எடுத்த பறவைகள் தனித்தனித் துணிப்பைகளில் இடப்பட்டு, நிழலிலுள்ள மேசைக்குக் கொண்டுவரப்படுகின்றன. இருளில் இருக்கும் பறவை அமைதியாக இருக்கும் என்பதே துணிப்பையின் பயன். மேசையில் ஒருவர் பறவையைப் பிடித்து அளந்து சொல்ல, மற்றொருவர் குறிப்பேட்டில் எழுதுவார். எழுதுபவர் எண்ணைத் திரும்பப் படித்துக் காட்டுவதும் வழக்கம். ஓர் இலக்கம் மாறினாலும் அந்தப் பறவையின் வரலாறு வேறொரு பறவையின் வரலாறாகிவிடும்.

பொதுவாகக் குறிக்கப்படுவன:
- இனம், பால், அகவை
- வளைய எண்
- சிறகு, அலகு, கணுக்கால், வால் ஆகியவற்றின் நீளம்
- எடை
- தோலுக்கடியில் தெரியும் கொழுப்பின் அளவு
- இறகுதிர்ப்பின் நிலை
- பிடித்த இடம், நாள், நேரம்

பெரும்பாலான இனங்களில் சிறகின் முதன்மை இறகுகள் பத்து ஆகும். பழைய இறகுக்கு 0, முழுதும் வளர்ந்த புதிய இறகுக்கு 5, வளர்ந்து கொண்டிருப்பவற்றுக்கு இடைப்பட்ட எண்கள் என மதிப்பிடப்படுகிறது. ஆகவே இறகுதிர்ப்பை முடித்த சிறகு ஒன்றின் கூட்டுத்தொகை 50 ஆகும். கொழுப்பின் அளவு பறவை இன்னும் எவ்வளவு தொலைவு பறக்க இயலும் என்பதைக் காட்டுகிறது. வழிப்பயணத்திற்கான எரிபொருள் கொழுப்பே ஆகும்.

வளையம் காலின் பருமனுக்கு ஏற்பப் பல அளவுகளில் உண்டு. அது தனிக் குறடு கொண்டு, இரு முனைகளும் இடைவெளியின்றிச் சேரும்படி மூடப்படுகிறது. சிறு இடைவெளி இருந்தாலும் வலையிழையோ புல்லோ மாட்டிக்கொள்ளும். மூடிய வளையம் காலில் தடையின்றிச் சுழல வேண்டும். உப்புநீரில் வாழும் பறவைகளுக்கு அலுமினியம் விரைவில் தேய்ந்துவிடுவதால் கடினமான உலோகக் கலவை பயன்படுத்தப்படுகிறது. இந்திய வளையங்களில் எண்ணுடன், மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்திற்குத் தெரிவிக்குமாறு கோரும் சிறு தொடர் ஆங்கிலத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. பழகிய கைகளுக்கு இவையனைத்தும் சில நிமிட வேலையே. பிறகு பறவை தரைக்கு அருகில் வைத்து விடுவிக்கப்படுகிறது.

நண்பகல்

வெயில் கடுமையாகும்போது வலைகள் மூடப்படுகின்றன. முகாமில் இது உண்பதற்கும் உறங்குவதற்கும் உரிய நேரம். கிழிந்த வலைகளைத் தைத்தல், சருகுகளையும் முட்களையும் நீக்குதல், துணிப்பைகளைத் துவைத்து உலர்த்துதல், காலைக் குறிப்புகளைப் படியெடுத்தல் ஆகியனவும் இப்பொழுதிலேயே செய்யப்படுகின்றன.

இரவுப்பணி

கரைப் பறவைகள் பகலில் வலையைக் கண்டு விலகிவிடும். எனவே உள்ளான்களுக்கும் உப்புக்கொத்திகளுக்கும் நிலவற்ற இரவுகளில் ஆழமற்ற நீரின்மேல் வலை கட்டப்படுகிறது. அமாவாசையை ஒட்டிய நாட்கள் முகாமில் மிகுந்த வேலையுள்ள நாட்களாகும். கணுக்கால் முதல் முழங்கால் வரையுள்ள சேற்றில், சிறு விளக்குடன், வலையின் நெடுக நடந்து பார்த்து வர வேண்டும். வலையின் அடிமடிப்பு நீரில் தொட்டால் பறவை மூழ்கிவிடும். எனவே நீர்மட்டம் ஏறுகிறதா என்பதை இரவு முழுவதும் கவனிக்க வேண்டும். கொசு உள்ளான், வளைமூக்கு உள்ளான், பவளக்காலி, மணல் உப்புக்கொத்தி ஆகியன இவ்வாறு பிடிக்கப்படும் பறவைகளுட் சில. கொசு உள்ளானின் எடை ஏறத்தாழ 20 முதல் 30 கிராம் வரையே இருக்கும்.

கூட்டமாகப் பறவைகள் வலையில் விழும் இரவே ஆபத்து மிகுந்த இரவாகும். எடுப்பதற்குக் கைகள் போதாவிடில் அளவுகளைக் குறைத்துக்கொள்வர். தேவையானால் வளையமிடாமலேயே பறவைகளை விட்டுவிடுவர். பறவையின் பாதுகாப்பு முதலாவது, தரவு இரண்டாவது என்பது இப்பணியின் முதல் நெறியாகும்.

பறவை பிடிப்போர்

இந்திய வளையமிடல் பணி பறவை பிடிக்கும் மரபுடைய மக்களின் திறனால் வளர்ந்தது என்பது குறிப்பிடத்தக்கது. பீகாரைச் சேர்ந்த மீர்சிக்கார் சமூகத்தினர் தலைமுறை தலைமுறையாகக் கண்ணியும் வலையும் கொண்டு பறவைகளை உயிருடன் பிடித்து விற்று வந்தவர்கள். அச்சமூகத்தைச் சேர்ந்த அலி உசேன் என்பவர் மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்வுப் பணிகளில் பல்லாண்டுகள் பங்கேற்றுப் புகழ்பெற்றார். எந்த இனம் எந்நேரத்தில் எந்த வழியே நடந்து வரும், எந்தக் கண்ணியில் அதன் காலுக்குக் காயம் ஏற்படாது என்னும் அறிவு நூல்களில் இருந்ததன்று.

காட்டுயிர் பாதுகாப்புச் சட்டம் 1972ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட பின் பறவை பிடிக்கும் தொழில் படிப்படியாகச் சட்டத்திற்குப் புறம்பானது. கொல்லவும் விற்கவும் பயன்பட்ட திறன், ஆய்வு முகாம்களில் பறவையைக் காயமின்றிப் பிடித்து விடுவிக்கப் பயன்பட்டது. எனினும் முகாம்களில் அத்தகைய வேலை பெற்றோர் மிகச் சிலரே. தொழிலிழந்த பிறருக்கு மாற்று வாழ்வு என்ன என்பது, பறவைப் பாதுகாப்புடன் இணைந்தே எழும் கேள்வியாகும்.

தன்னார்வலர்கள்

பிரித்தானியாவில் வளையமிடுவோரில் மிகப் பெரும்பாலோர் ஊதியம் பெறாத தன்னார்வலர்கள். அவர்கள் பயிற்சி பெற்று உரிமம் வாங்கிய பின்னரே தனித்து வளையமிடலாம். இந்தியாவில் நிலைமை வேறு. சட்டப்படி எந்தக் காட்டுப் பறவையையும் பிடிக்க உரிய அரசு அனுமதி தேவை. ஆகவே வளையமிடல் ஆய்வு நிறுவனங்களின் வழியாகவே நடைபெறுகிறது. கல்லூரி மாணவர்களும் பறவை ஆர்வலர்களும் வனத்துறைப் பணியாளர்களும் முகாம்களில் சேர்ந்து உதவியாளர்களாகப் பயில்கின்றனர். வலை சுமத்தல், கம்பு நடுதல், பைகளைக் கொண்டுவருதல், குறிப்பெழுதுதல் ஆகியவற்றில் தொடங்கி, பலநாள் பார்த்துப் பழகிய பின்னரே பறவையைக் கையில் எடுக்க அனுமதிக்கப்படுவர்.

இலங்கையிலும் கொழும்புப் பல்கலைக்கழகத்துடன் தொடர்புடைய களப் பறவையியல் குழு, தென்கரையிலுள்ள புந்தல தேசியப் பூங்காவில் தன்னார்வலர்களின் துணையுடன் வளையமிட்டு வந்துள்ளது.

பறவைகளுக்கு ஏற்படும் இடர்

ஒரு பறவையைப் பிடிப்பது அதனை அச்சுறுத்துவதே என்பதில் ஐயமில்லை. எனவே இம்முறை தேவைதானா என்ற கேள்வி பறவை ஆர்வலர்களிடையே அவ்வப்போது எழுகிறது. 2012ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, அமெரிக்க ஐக்கிய நாட்டிலும் கனடாவிலும் பனிவலையால் பிடிக்கப்பட்ட ஆறு இலட்சத்திற்கும் மேற்பட்ட பறவைகளின் பதிவுகளை ஆராய்ந்தது. அவற்றில் காயமுற்றவை 0.59 விழுக்காடு, இறந்தவை 0.23 விழுக்காடு எனக் கண்டறியப்பட்டது.

இவ்வளவு சிறியதே ஆயினும் இறப்பு இறப்பே. இதனை ஏற்பதற்கு ஒரே நியாயம், வேறு வழியில் பெற முடியாத, பறவை இனத்திற்குப் பயன்படும் தகவல் கிடைக்க வேண்டும் என்பதாகும். எழுதப்படாத குறிப்பும் ஆராயப்படாத ஏடும் அந்த நியாயத்தை இழக்கச் செய்கின்றன. முகாம்களில் குறிப்பேட்டிற்குத் தரப்படும் முதன்மைக்கு இதுவே காரணம்.

வளையங்கள் தரும் செய்திகள்

வளையமிட்ட சிறு பறவைகளில் மீண்டும் தகவல் கிடைப்பவை பெரும்பாலும் நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. ஆயினும் கிடைத்தவற்றால் அறியப்பட்டவை பல.

முதலாவது, பறவைகளின் பிறப்பிடம். கோடியக்கரையில் வளையமிடப்பட்ட வளைமூக்கு உள்ளான்கள் சைபீரியாவிலிருந்து அறிவிக்கப்பட்டுள்ளன. மங்கோலியாவில் கழுத்துப் பட்டை இடப்பட்ட வரித்தலை வாத்துகள் இமயமலையைக் கடந்து திருநெல்வேலி மாவட்டத்தின் கூந்தன்குளம் வரை வந்துள்ளமை பதிவாகியுள்ளது.

இரண்டாவது, வாழ்நாள். பசிபிக் பெருங்கடலின் மிட்வே தீவில் 1956ஆம் ஆண்டில் வளையமிடப்பட்ட விசுடம் என்னும் பெண் அல்பட்ரோசு, 2024ஆம் ஆண்டின் இறுதியிலும் முட்டையிட்டது. வளையம் இல்லையேல் இதனை அறிந்திருக்க முடியாது.

மூன்றாவது, இனப்பெருக்கத்தின் வெற்றி. வலையில் சிக்கும் வளைமூக்கு உள்ளான்களில் இளம் பறவைகள் எத்தனை என்பது, அவ்வாண்டு வடதுருவப் பகுதியில் குஞ்சுகள் பிழைத்தனவா என்பதைக் காட்டும். அங்கு லெம்மிங் எனப்படும் எலியினம் பெருகும் ஆண்டுகளில் நரிகள் அவற்றைத் தின்று உள்ளான் குஞ்சுகளை விட்டுவிடுகின்றன. லெம்மிங் குறையும் ஆண்டுகளில் குஞ்சுகள் நரிகளுக்கு இரையாகின்றன. சைபீரியாவின் எலிகளுக்கும் தமிழகக் கடற்கரையின் பறவைகளுக்கும் உள்ள தொடர்பு, பறவையின் அகவையைக் குறித்து வைத்தால்தான் தெரியவரும்.

இத்தகவல்கள் இன்று அவசரமானவை. இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் 2024ஆம் ஆண்டில் கரைப் பறவை இனங்கள் பலவற்றின் நிலையை மேலும் ஆபத்துக்குரியதாக மாற்றியது. வளைமூக்கு உள்ளான் அப்போது அழிவாய்ப்பு இனமாக அறிவிக்கப்பட்டது.

நாஞ்சில் நாடும் வலசைப் பறவைகளும்

கன்னியாகுமரி மாவட்டத்தில் தோவாளை, அகத்தீசுவரம் வட்டங்களை உள்ளடக்கிய நாஞ்சில் நாடு குளங்களும் வயல்களும் நிறைந்த பகுதியாகும். பழையாறு இதன் ஊடே பாய்ந்து மணக்குடியில் கடலுடன் கலக்கிறது. முன்னர் இப்பகுதி திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தது. சலீம் அலி 1933ஆம் ஆண்டில் மேற்கொண்ட திருவிதாங்கூர், கொச்சிப் பறவைக் கணக்கெடுப்பு நடந்த காலத்திலும் இது அவ்வாறே இருந்தது.

இங்கு நெல் கன்னிப்பூ, கும்பப்பூ என இரு பருவங்களில் விளைகிறது. கன்னிப்பூ அறுவடை முடிந்து, கும்பப்பூவுக்காக வயலில் நீர் பாய்ச்சித் தொளி அடிக்கும் காலமும் வலசைப் பறவைகள் வந்து சேரும் காலமும் ஒன்றாக அமைகின்றன. ஆழமற்ற நீரும் கிளறிய சேறும் பொரி உள்ளான் போன்ற பறவைகளுக்கு உணவிடமாகின்றன. தேரூர், சுசீந்திரம், வேம்பனூர் ஆகிய குளங்களில் ஊசிவால் வாத்து, நீலச்சிறகி முதலிய வாத்துகளும், தாமரை இலைகளின்மேல் நடக்கும் இலைக்கோழிகளும் காணப்படுகின்றன. மணக்குடிக் கழிமுகத்திலும் புத்தளம் உப்பளங்களிலும் பூநாரைகளும் ஆலாக்களும் உள்ளான்களும் வந்து தங்குகின்றன.

சுசீந்திரம் தேரூர் ஈரநிலத் தொகுதியும் வேம்பனூர் ஈரநிலத் தொகுதியும் 2022ஆம் ஆண்டில் இராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்டன. இவை மனிதர் வெட்டிய பாசனக் குளங்களே. குளத்தைக் காத்துவந்தது நெல் வேளாண்மை ஆகும். நெல்வயல்கள் தென்னந்தோப்புகளாகவும் வாழைத் தோட்டங்களாகவும் வீட்டுமனைகளாகவும் மாறிவருவதால், குளங்கள் பட்டியலில் இடம்பெற்றாலும் அவற்றைச் சூழ்ந்த உணவிடங்கள் குறைகின்றன.

இம்மாவட்டத்தில் தன்னார்வலர்களின் பணி பெரும்பாலும் பறவைகளைப் பிடிப்பதன்று. எண்ணுவதும் பதிவு செய்வதுமே ஆகும். 1987ஆம் ஆண்டு முதல் சனவரி மாதங்களில் ஆசிய நாடுகளில் நடைபெறும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும், 2015ஆம் ஆண்டு முதல் தமிழகத்தில் நடைபெறும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பும் இத்தகையன. கரைப் பறவைகளின் கால்களில் உலோக வளையத்துடன் நிறக் கொடிகளும் இடப்படுவதால், பறவையைத் தொடாமலேயே அது எங்கு வளையமிடப்பட்டது என அறிய இயலும். எந்த நாட்டிற்கு, எந்த இடத்திற்கு எந்த நிறங்கள் என்பது பன்னாட்டு உடன்பாட்டின்படி வகுக்கப்பட்டுள்ளது. எனவே கணக்கெடுப்போர் பறவைகளின் அலகையும் சிறகையும் மட்டுமன்றிக் கால்களையும் நோக்க வேண்டும்.

வளையமிட்ட பறவையைக் கண்டால்

வளையத்தின் பயன் முழுவதும், அதனைக் காணும் முகமறியாத ஒருவர் அதைத் தெரிவிப்பதில் அடங்கியுள்ளது. வளையமிட்டவர் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியவர். வலையை உலர்த்தும் மீனவரோ வரப்பில் நடக்கும் உழவரோ அத்தகவலைத் தரவல்லவர்.

- பறவை உயிருடன் இருந்தால் வளையத்தைக் கழற்றக்கூடாது. அதிலுள்ள எழுத்துகளையும் எண்களையும் முழுமையாக எழுதிக்கொண்டு, இயன்றால் படமெடுத்து, பறவையை விட்டுவிட வேண்டும்.
- காயமுற்ற பறவையாயின் வனத்துறையினரிடம் ஒப்படைக்க வேண்டும்.
- இறந்த பறவையை வெறுங்கையால் தொடக்கூடாது. வளையத்தையும் பறவையையும் படமெடுத்து, வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.
- நிறக் கொடியாயின் நிறங்கள், அவை மேலும் கீழுமாக அமைந்த வரிசை, எந்தக் கால், கொடியிலுள்ள எழுத்து ஆகியவற்றைக் குறிக்க வேண்டும்.
- கண்ட இடம், நாள், பறவையின் நிலை ஆகியவற்றுடன் மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்திற்குத் தெரிவிக்கலாம். வெளிநாட்டு வளையமாயினும் அவ்வாறே செய்யலாம்.

வளையத்தைக் கண்டு தெரிவிக்காமல் இருப்பதற்கு அச்சமும் ஒரு காரணம். பறவையைப் பிடித்ததாகத் தம்மீது வழக்கு வருமோ எனச் சிலரும், பறவை உளவுக்கு அனுப்பப்பட்டதோ எனச் சிலரும் எண்ணுவதுண்டு. 2023ஆம் ஆண்டு மே மாதத்தில் மும்பைத் துறைமுகத்தருகே காலில் வளையங்களுடன் பிடிபட்ட புறா ஒன்று உளவு ஐயத்தால் எட்டு மாதங்கள் அடைத்து வைக்கப்பட்டு, 2024ஆம் ஆண்டு சனவரியில் விடுவிக்கப்பட்டது. அது தைவானின் பந்தயப் புறா என விசாரணையில் தெரியவந்தது. பந்தயப் புறாக்களின் கால்களில் உள்ளவை அவற்றை வளர்ப்போர் இட்டவை. ஆய்வு வளையங்கள் அல்ல.

புதிய முறைகள்

செய்கோள் வழியும் புவியிடங்காட்டி வழியும் பறவைகளைத் தொடரும் கருவிகள் இன்று பயன்படுகின்றன. 2022ஆம் ஆண்டில் இத்தகைய கருவி பொருத்தப்பட்ட இளம் பட்டைவால் மூக்கன் ஒன்று அலாசுக்காவிலிருந்து தாசுமேனியா வரை ஏறத்தாழ 13,560 கிலோமீட்டர் இடைநிற்காமல் பறந்தது பதிவாயிற்று. ஆயினும் கருவியின் எடை பறவையின் எடையில் ஏறத்தாழ 3 விழுக்காட்டிற்கு மேற்படக்கூடாது என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் வரம்பு. 20 கிராம் எடையுள்ள கொசு உள்ளானுக்கு இது அரை கிராமுக்குச் சற்று மேல் மட்டுமே. கருவிகளின் விலையும் மிகுதி. எனவே சிறு பறவைகளைப் பெருந்தொகையாக, பல்லாண்டுகள் ஆராய்வதற்கு எண் பொறித்த வளையமே இன்றும் பயன்பட்டு வருகிறது.